பழைய கிளாரினெட்டைக் கேட்பது எப்படி?

ஜி.எஸ்.டி. சாலையோர மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் பேண்டு செட்டு என்ன வாசிக்கும் என்று கூடுவாஞ்சேரிக்காரர்களுக்குத் தெரியும். அந்த டிரம்பெட், டிரம் முழக்கத்துக்கு நடுவே கிளாரினெட்டை மட்டும் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். பழசா, புதுசா என்ற கேள்விக்குக் காதே பதில் சொல்லும்.

விரலைக் கவனியுங்கள்

இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் போம் முறைக் கருவிகள். குளோஸேயும் பஃபேயும் உருவாக்கி, 1844-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. விரல் துளைகளைச் சுற்றி உலோக வளையங்கள் இருக்கும். விரலை எடுத்தால் வளையம் எழும்பி, வேறொரு துளையையும் திறந்துவிடும். வேகமான சினிமாப் பாட்டுக்கும் இங்கிலீஷ் நோட்டுக்கும் இது கைகொடுக்கும். ஆனால் ஜாரு பிடிக்கும்போது சுரம் வழுக்காமல் தாவப் பார்க்கும். உதட்டால் சரிக்கட்ட வேண்டும். பழைய ஆல்பர்ட் முறையில் வளையங்கள் குறைவு. திறந்த துளைமேல் விரல் மெல்ல நகர, தோடியின் காந்தாரம் அசைந்து அசைந்து வரும்.

சுருதியைக் கவனியுங்கள்

பழைய பிரிட்டிஷ் ராணுவ பேண்டு கருவிகள் நொடிக்கு 452 அதிர்வு என்ற சுருதி அளவில் செய்யப்பட்டவை. இன்றைய அளவு 440. மேற்கத்திய இசைக்குழுவில் அவை சேராது. நம் கச்சேரியிலோ வாசிப்பவரின் கருவிக்குத்தான் தம்புரா சேர்க்கப்படும். அங்கே தள்ளுபடியான கருவிக்கு இங்கே வேலை உண்டு.

யாரைக் கேட்பது?

19-ஆம் நூற்றாண்டில், சதிர் ஆட்டத்துக்கு வாசிக்கும் சின்ன மேளத்தில் முகவீணையின் இடத்துக்கு வந்தது கிளாரினெட். அதைக் கச்சேரி மேடையின் நடுவில் உட்கார வைத்தவர் ஏ.கே.சி. நடராஜன், 2008-இல் சங்கீத கலாநிதி பெற்றவர். நாகஸ்வரமும் வாய்ப்பாட்டும் கற்றவர் என்பது அவருடைய ஆலாபனைப் பதிவுகளில் தெரியும். கீழ் ஸ்தாயியிலிருந்து மேலேறும் இடத்தைக் கேளுங்கள். கிளாரினெட்டில் மேல்கட்டை ஒரு ஸ்தாயி தள்ளி அல்ல, அதற்கு மேலும் ஒரு பஞ்சமம் தள்ளித்தான் திறக்கும். இடையில் உள்ள சுரங்கள் இயல்பாகவே மெலிந்தவை. அந்த ஒட்டு தெரியாமல் கடப்பதுதான் வித்தை.

மாற்றலாமா?

நீங்களே பழைய கிளாரினெட் வாசிப்பவரா? கரகரப்பு வந்தாலே கருவிக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பேடு காற்றை விடுகிறதா, கார்க்கு தளர்ந்திருக்கிறதா, ரீடு தேய்ந்ததா என்று முதலில் பாருங்கள். அதன்பின் பழையதிலும் புதியதிலும் ஒரே ஆள் தோடியும் நோட்டும் வாசிக்கட்டும். தினமும் எதை வாசிப்பீர்களோ அதில் ஜெயிக்கும் கருவியை வைத்துக்கொள்ளுங்கள்.