ஆண்டை வீடு, அண்டை வீடு

நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். நம் பேச்சை வாங்கி எழுத்தாக்கித் தருகிற கருவிக்கும் விமர்சனம் எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது. இன்றைக்கு நம் தோழர்கள் தயாரிக்கிற மனு, துண்டறிக்கை, கூட்டக் குறிப்பு என்று நிறையவும் கைபேசியிடம் பேசி எழுதியவைதான். வாய்க்கும் தாளுக்கும் நடுவில் புதிதாக ஒரு ஆள் வந்து குந்தியிருக்கிறார். அவர் எந்தத் தெருக்காரர் என்று கேட்காமல் விட முடியாது.

கருவியே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. 2017 ஆகஸ்டில் கூகுள், தமிழோடு சேர்த்து 8 இந்திய மொழிகளுக்குக் குரல்தட்டச்சு கொண்டுவந்தது. இப்போது பல நிறுவனங்களின் கருவிகள் கிடைக்கின்றன. நானும் தினம் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். பேருந்தில் நின்றுகொண்டே அறிக்கை சொல்லி முடிக்கலாம். மனு எழுதித் தர அடுத்தவன் திண்ணையில் காத்துக் கிடந்த சனம், பேரப்பிள்ளையின் கைபேசியை வாங்கித் தானே பேசி அனுப்புகிறது. எழுத்தை மறுத்து மறுத்தே அடக்கி வைக்கப்பட்டவர்களுக்கு இது சின்ன விஷயமா? இல்லை. அதனால்தான் அது நம் வாயிலிருந்து எதை எடுக்கிறது, எதை விடுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கீழத்தஞ்சைப் பக்கம் ஒரு அம்மா பேசியதைக் கருவியில் பிடித்தேன். பண்ணையில் வேலை செய்த காலத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். “ஆண்டை வூட்டு வாசல்ல நின்னாக்கா, கொல்லப்பக்கமா வாடீம்பாங்க” என்றார். திரையில் விழுந்தது: “அண்டை வீட்டு வாசலில்.” ஒரு நெடில் குறிலானது, அவ்வளவுதான். பண்ணையார் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிட்டார்! கூலி கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த மண் அது. அந்த மண்ணில் ‘ஆண்டை’ என்ற சொல்லுக்கு என்ன கனம் என்று இந்தக் கருவிக்குத் தெரியுமா? அதே பதிவில் ‘சேரி’ இரண்டு இடத்தில் ‘சரி’ ஆகியிருந்தது. “எங்க சரிக்குள்ள தண்ணி வராது” என்று ஒரு வாக்கியம். வாசித்தால் சிரிப்பு வரும். சிரித்து முடித்தபிறகு வயிறு எரியும்.

இது சதி இல்லை, கணக்கு. ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சையும் அதற்கான எழுத்தையும் ஊட்டித்தான் இந்தக் கருவிகளைப் பழக்குகிறார்கள். ஓசை தெளிவில்லாத இடத்தில், எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வழக்கமாக வரும் என்று பார்த்து நிரப்பும். எழுதப்பட்ட தமிழில் ‘அண்டை வீடு’ ஆயிரம் முறை வரும், ‘ஆண்டை வூடு’ எத்தனை முறை வந்திருக்கும்? ஏற்கெனவே எழுத்தில் இடம் பிடித்தவனுக்கே மறுபடியும் இடம். வழக்கு என்றால் அது உயர்ந்தோருடையது என்று தொல்காப்பிய மரபியல் சொன்னதை எம்.ஏ. வகுப்பில் மனப்பாடம் செய்தேன். அந்த நூற்பாவுக்கு இப்போது மின்சாரம் பாய்ச்சியிருக்கிறார்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. கருவி நம்மைத் திருத்துவது ஒரு பக்கம். கருவிக்காக நாமே நம்மைத் திருத்திக்கொள்வது இன்னொரு பக்கம். பிழை விழாமல் இருக்க வேண்டுமென்றால் செய்தி வாசிப்பவர் மாதிரி பேச வேண்டும். நம் பிள்ளைகள் அதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். கைபேசியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் குரல் மாறுகிறது. ‘வூடு’ வீடாகிறது, ‘குந்து’ உட்காராகிறது. ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது தாத்தன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தான். பேரன் நாக்கைக் கழற்றி வைக்கிறான்.

இலக்கியத்தோடு நிற்கிற பிரச்சினையும் அல்ல இது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது குற்றம். 2015 திருத்தத்துக்குப் பிறகு அது 3(1)(s) பிரிவு. திட்டிய சொல்தான் அங்கே சாட்சி. பல கருவிகளில் வசைச்சொல்லை மறைக்கிற ஏற்பாடு உண்டு, சொல்லுக்குப் பதில் நட்சத்திரக்குறி விழும். எனக்குத் தமிழில் நட்சத்திரம் விழவில்லை. சம்பந்தமில்லாத வேறு சொல் விழுந்தது. புகாரில் அந்தச் சொல் மாறிப்போனால், எதிரியின் வக்கீலுக்கு வேலை மிச்சம். அதே திருத்தத்தில் 4(2) பிரிவு வாய்மொழிப் புகாரை எழுதுகிற அதிகாரிக்கு ஒரு கடமை வைத்திருக்கிறது. கையெழுத்து வாங்குமுன் எழுதியதைச் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். போலீசுக்குச் சட்டம் வைத்த கடமையை நம் கைபேசிக்கு நாம் வைக்கவில்லை. பேசுகிறோம், அனுப்பு என்று அமுக்குகிறோம்.

1992இல் பாமா ‘கருக்கு’ எழுதியபோது, பேச்சுமொழியைத் தெரிந்தே எழுத்துக்குக் கொண்டுவந்தார். கொச்சை என்று முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தும் செய்த காரியம். புதுச்சேரிக்குப் பக்கத்துக் கிராமத்து வீரம்மாவின் கதை வேறு விதம். அவர் தமிழில் பேசியதை ஜோசியான் ரசீனும் ழான்-லுக் ரசீனும் புத்தகமாக்கினார்கள். 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் வந்தது. அங்கே நடுவில் இருந்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது, அட்டையில் அச்சாகியிருக்கிறது. ஏன் இந்தச் சொல்லை இப்படி வைத்தீர்கள் என்று அவர்களைக் கேட்கலாம். கருவியிடம் யார் போய்க் கேட்பது?

அமெரிக்கக் கறுப்பர்கள் கேட்டார்கள். 2020இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய 5 நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்து வெளியிட்டார்கள். சராசரியாக வெள்ளையர் பேச்சில் 100 சொல்லுக்கு 19 பிழை, கறுப்பர் பேச்சில் 35. கறுப்பர்களின் குரல் போதிய அளவு ஊட்டப்படாததை முக்கியக் காரணமாகக் காட்டினார்கள்.

அப்படியென்றால் நம் குரலைக் கொண்டுபோய்க் கொட்டலாமே என்கிறார்கள் இளம் தோழர்கள். 2017இல் மொசில்லா தொடங்கிய காமன் வாய்ஸ் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் குரல் கொடுக்கலாம், தமிழும் அதில் உண்டு. ஆனால் அது தொடங்கியதே திரையில் காட்டுகிற வாக்கியத்தைப் பார்த்துப் படிக்கிற முறையில்தான். எழுத்துக் கூட்டத் தெரியாத அந்தக் கீழத்தஞ்சை அம்மா எதைப் பார்த்துப் படிப்பார்? படிக்காமல் தன் போக்கில் பேசட்டும், நாமே பதிவு செய்து எழுதி ஒரு சேரிக் குரல் தொகுப்பு உண்டாக்குவோம் என்கிறார் ஒருவர். தலைமுறை தலைமுறையாக வெட்டி வேலை பார்த்தோம், இனிக் குரலையும் கம்பெனிக்காரனுக்குக் கூலியில்லாமல் கொடுக்கணுமா என்று எகிறுகிறார் இன்னொருவர். போன மாதக் கூட்டத்தில் இந்தச் சண்டை ராத்திரி பதினொன்று வரைக்கும் நீண்டது. கூட்டக் குறிப்பை அன்றைக்குக் கையால்தான் எழுதினோம்.