சோலார் கம்பமும் நாலாவது வருஷமும்

ஆர்.கே.பேட்டையிலிருந்து சோளிங்கர் போகிற ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் எங்கள் சித்தி ஊர். சின்ன ஊர், பேர் வேண்டாம். ஊருக்குள் நுழைகிற வளைவில் ஒரு சோலார் விளக்குக் கம்பம் நிற்கிறது. மேலே தகடு இருக்கு, விளக்குக் கூடும் இருக்கு. பேட்டரிப் பெட்டிதான் கதவு திறந்து காலியாகக் கிடக்கு. அதுக்குள்ள குருவி கூடு கட்டியிருக்கு.

சித்தி விசைத்தறி பட்டறையில் வேலை பார்க்கிறவர். ஷிஃப்ட் முடிந்து ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்கு அந்த வளைவைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரணும். இரண்டு பக்கமும் புதர். "பாம்புக்குக் கூட பயமில்லப்பா, யார் நிக்கிறாங்கன்னே தெரியாது, அதுதான் பயம்" என்றார். விளக்கு மூணு வருஷத்துக்கு மேல நல்லா எரிஞ்சதாம். அப்புறம் ராத்திரி எட்டு மணிக்கே மங்கிப்போகும். அப்புறம் எரியவே இல்லை. கடைசியில் பேட்டரியை யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க.

இந்த ஒரு கம்பத்தை வைத்துக்கொண்டு சோலாரே ஏமாற்று என்று எழுத வரவில்லை. சோலார் தெருவிளக்குத் திட்டங்கள் எந்தக் கணக்கில் எழுதப்படுகின்றன என்பதுதான் என் விமர்சனம்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் சூரிய சக்திக் கொள்கை 2012 அக்டோபரில் வந்தது. 2015-க்குள் 3,000 மெகாவாட் என்றது. உள்ளாட்சிகளின் தெருவிளக்குகளையும் குடிநீர் மோட்டார்களையும் படிப்படியாக சூரிய சக்திக்கு மாற்றுவோம் என்றது. அதோடு சேர்ந்து, பசுமை வீடு திட்டத்தின் துணையாக, வருஷத்துக்கு 20,000 வீதம் ஐந்து வருஷத்தில் 1 லட்சம் தெருவிளக்குகள். அந்த 2012-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னையைத் தாண்டினால் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் கட். தறி ஓடாத ஊரில், ஈ.பி. லைனை நம்பாத ஒரு விளக்கு தெருவில் எரிவது சாதாரண விஷயமில்லை. அன்றைக்கு நான் அதிகாரியாக இருந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

சிக்கல் அந்தக் கம்பத்தின் உடம்பிலேயே இருக்கிறது. மத்திய அரசின் அக்காலத்து மாதிரி அமைப்பு இப்படி: 74 வாட் தகடு, 12 வோல்ட் 75 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி, 11 வாட் சி.எஃப்.எல். விளக்கு. பேட்டரியில் மொத்தம் 900 வாட்-அவர் இருக்கும். முழுசா இறக்கக் கூடாது என்பதால் முக்கால் பங்கை எடுத்தால், விடிய விடிய எரிந்தாலும் வெயில் இல்லாமல் மூணு நாலு ராத்திரி தாங்கும். காகிதத்தில் அருமையான கணக்கு. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் மூடாப்பு போடுகிற ஊர் இது. லெட் ஆசிட் பேட்டரி பாதி சார்ஜில் நாள்கணக்காகக் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து, பிறகு வெயில் வந்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. மேலே சோலார் தகடு இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும். கீழே பேட்டரி நாலைந்து வருஷம் தாண்டினாலே பெரிசு. அப்படியானால் அது பல்பு மாதிரி, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். திட்டங்களோ அதையும் கம்பத்தோடு சேர்த்து ஒருமுறை வாங்கிப்போடும் சொத்தாக எழுதுகின்றன.

ஊராட்சிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு அடுத்தது புரியும். தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்கு இரண்டாம் எண் கணக்கு என்று ஒன்று தனியாக உண்டு. மின்கட்டணமும் குடிநீர் வாரியத்துக்கான கட்டணமும் அதிலிருந்து போகும். அதாவது ஈ.பி. விளக்கு எரிவதற்கான பணம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சோலார் விளக்கின் மின்கட்டணம் பூஜ்யம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். உண்மையில் அந்தக் கட்டணம் நாலு வருஷத்துக்கு ஒருமுறை பேட்டரி என்ற பேரில் மொத்தமாக வருகிறது. அதற்கு ஒதுக்கின கணக்குதான் இல்லை. சித்தி ஊரில் டேங்க் ஆபரேட்டரிடம் பேச்சுக்கொடுத்தேன். "வாங்கிக் குடுத்தா நானே மாட்டிருவேன் சார், எந்தக் கணக்குல வாங்குறதுன்னு கேக்குறாங்க" என்றார்.

இது நம்ம ஊர் கதை மட்டுமில்லை. பீகாரில் ஜெகனாபாத் மாவட்டத்து தர்னை கிராமத்தில் 2014-ல் கிரீன்பீஸ் 100 கிலோவாட் சோலார் மின்தொகுப்பு அமைத்தது. 60 தெருவிளக்குகளும் அதில் சேர்த்தி. நாடே பேசியது. சில வருஷத்தில் பேட்டரிகள் தளர்ந்தன, கிரிட் மின்சாரமும் வந்தது, தொகுப்பு இருந்த இடத்தில் மாடு கட்டினார்கள். தர்னை மக்கள் ஆரம்பத்திலேயே 'அசல் கரண்ட்' வேண்டும் என்று குரல் எழுப்பியதைப் பலர் நன்றிகெட்டத்தனமாகப் பார்த்தார்கள். எனக்கு அது நல்ல பொருளாதார மதிப்பீடாகத்தான் படுகிறது.

சரி, என்ன செய்யலாம்? ஒரு ஊராட்சியில் 100 விளக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய 40 வாட் டியூப் லைட், சோக்கோடு சேர்த்து 50 வாட். ராத்திரிக்கு 12 மணி நேரம் எரிந்தால் 60 யூனிட். அதை 20 வாட் எல்.இ.டி.யாக மாற்றினாலே 24 யூனிட்டாக இறங்கிவிடும். தகடு ஒன்றுகூடப் போடாமல் 60 சதவீதம் மிச்சம். மீதி 24 யூனிட்டுக்கு, நம்ம வெயிலில் கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் என்று பார்த்தால், 6 கிலோவாட் தகடு போதும். சுமார் 600 சதுர அடி. பள்ளிக்கூட மாடியில் அடங்கிவிடும். திருட பேட்டரி இல்லை, மாமரம் நிழல் விழாது, துடைக்க ஒரே இடம். பகலில் விளைந்ததை லைனில் விட்டு ராத்திரி எடுத்துக்கொள்வது. மாடி மீட்டரும் தெருவிளக்கு மீட்டரும் வேறு வேறு இணைப்பு என்பதால் ஒன்றை இன்னொன்றில் கழிக்க விதி இடம் தரணும். அது காகித வேலை, பேட்டரி வேலை இல்லை.

மின்சாரம் எரிகிற இடத்திலேயே விளையணும் என்று கட்டாயமில்லை. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் செய்தது அதுதான். தலைவராக இருந்த சண்முகம் முயற்சியில் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கினார்கள். காற்றாலை நிற்பது ஊரில் இல்லை, உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில். தேவைக்கு மேல் விளைகிற மின்சாரம் வாரியத்துக்குப் போய், ஊராட்சிக்கு வருமானமாகத் திரும்பியது. அதில் நான் கவனிப்பது காற்றாலையை அல்ல. வருஷா வருஷம் பணம் உள்ளே வருகிற ஒரு கணக்கு அங்கே இருந்தது.

என் யோசனையிலும் ஓட்டை உண்டு. கரண்ட் போனால் பேட்டரி இல்லாத மாடித்தகடும் நின்றுவிடும், தெரு இருட்டுதான். 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகு திருவள்ளூர் மாவட்டத்தில் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தவர்களிடம் போய் கிரிட்தான் நல்லது என்று பாடம் எடுக்க முடியாது. அதனால் எல்லாக் கம்பத்தையும் பிடுங்கச் சொல்லவில்லை. லைன் இன்னும் எட்டாத இருளர் குடியிருப்புகள், துணை சுகாதார நிலைய வாசல், பஸ் நிறுத்தம், ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுத்து ராத்திரியில் திருத்தணிக்கு நடக்கிறவர்கள் போகிற ரோட்டு வளைவுகள்: இங்கெல்லாம் தனிக் கம்பம் இருக்கட்டும். லித்தியம் பேட்டரி, ஆள் எட்டாத உயரத்தில் வைத்து. ஊருக்கு ஐந்தாறு கம்பம் என்றால் பேட்டரி மாற்றும் செலவை இரண்டாம் எண் கணக்கிலேயே சேர்க்கலாம். அதற்கு ஒரு அரசாணை போதும்.

சித்தி ஊர் வளைவையும் அந்த ஐந்தாறில் ஒன்றாகச் சேர்க்கச் சொல்லி கிராம சபையில் மனு கொடுக்க எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரைக்கும் சித்தி செல்போன் டார்ச்சில்தான் வருகிறார்.