நாவும் நாணயமும்

மதுவின் ருசி எனக்குத் தெரியாது. சபதம் எடுத்துக்கொண்டவன் என்று பெருமை பேச மாட்டேன், பழக்கமில்லை, அவ்வளவுதான். அப்படியிருக்க, பிரெஞ்சு தேசத்துச் சிவப்பு ஒயினைப் பற்றி எழுத இவனுக்கு என்ன அருகதை என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் எழுதப்போவது ஒயினைக் குடித்து அல்ல. அதைக் குடிக்கிறவர்களைப் பற்றிய இரண்டு கதைகளைப் படித்து. இரண்டிலும் ஒரு விருந்து. இரண்டிலும் உயர்ந்த ரகத்து ஒயின். இரண்டிலும் அதன் அருமை தெரிந்த ஒரு மனிதர். ஆனால் ஒன்றை முடித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். மற்றதை முடித்ததும் சற்று நேரம் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

முதற்கதை ரோல்ட் டால் எழுதிய 'டேஸ்ட்'. 1953ல் வந்த 'சம்ஒன் லைக் யூ' என்ற தொகுதியில் இருக்கிறது. லண்டனில் ஒரு பங்குத் தரகர் வீட்டில் விருந்து. பிராட் என்ற போஜனப் பிரியர் விருந்தாளி. முதலில் பொடி மீன் வறுவலோடு வந்த வெள்ளை ஒயினை, பேச்சு சுவாரசியத்தில், தண்ணீர் குடிப்பதுபோல் குடித்துத் தீர்த்துவிடுகிறார். பிறகு மாட்டிறைச்சியோடு போர்தோ பிரதேசத்துச் சிவப்பு ஒயின் வருகிறது. அது எந்தத் தோட்டத்தது, எந்த வருஷத்தது என்று சொல்ல வேண்டும், அதுதான் பந்தயம். பிராட் தோற்றால் தம்முடைய இரண்டு வீடுகளைத் தருவார். ஜெயித்தால் தரகரின் பதினெட்டு வயது மகளை அவருக்கு மணம் முடித்துக் கொடுக்க வேண்டும்!

அந்த ஒயினுக்கு மாட்டிறைச்சி பொருத்தமான துணை. போர்தோவின் மெதோக் பகுதியில் காபெர்னே சோவின்யோன் என்ற திராட்சைதான் பிரதானம். அதன் தடித்த தோலிலிருந்து ஒரு துவர்ப்பு இறங்குகிறது. நாவற்பழம் தின்றபின் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அந்த ஜாதி. இறைச்சியின் கொழுப்பும் சாரமும் அந்தத் துவர்ப்பைத் தணிக்கின்றன. ஆனால் டாலின் மேஜையில் இதை யார் கவனிக்கிறார்கள்? பந்தயம் வந்ததும் ருசி எழுந்து போய்விடுகிறது.

பிராட் முகர்கிறார், உறிஞ்சுகிறார், கண்ணை மூடிக்கொள்கிறார். சேந்த் எமிலியோன் அல்ல என்று ஊர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே மெதோக்குக்கு வருகிறார். அங்கிருந்து சேன் ஜூலியன் என்ற சிற்றூருக்கு. 1855ல் போர்தோ தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்தார்களே, அதில் நாலாம் தரம் என்கிறார். கடைசியில் ஷாத்தோ பிரனேர் துக்ரூ, 1934 என்று முடிக்கிறார். அச்சு அசல் சரி! தகப்பன் முகம் வெளுக்கிறது. அந்தச் சமயம் கிழப் பணிப்பெண் ஒருத்தி வந்து, பிராட் மறந்து வைத்துவிட்டாரென்று அவருடைய மூக்குக் கண்ணாடியை நீட்டுகிறாள். கண்ணாடி கிடந்த இடம், புட்டியைத் திறந்து வைத்திருந்த அதே அறை! நாக்கு கண்டுபிடிக்கவில்லை, கண் முன்னமே லேபிலைப் படித்துவிட்டது.

இரண்டாவது கதை, ஐசக் டினெசன் என்ற புனைபெயரில் டென்மார்க் தேசத்துக் காரென் பிளிக்ஸன் எழுதிய 'பபெத்தின் விருந்து'. 1950ல் பத்திரிகையில் வந்தது. 1958ல் தொகுதியில் சேர்ந்தது. நார்வேயின் வடகோடியில் ஒரு சிற்றூர். பக்தையரான இரண்டு சகோதரிகள். 1871ல் பாரிஸ் கம்யூன் புரட்சி நசுக்கப்பட்டபோது தப்பி ஓடிவந்த பபெத், அவர்கள் வீட்டில் பன்னிரண்டு வருஷம் சமையற்காரியாக இருக்கிறாள். உப்புச் சப்பில்லாத மீனும் ரொட்டிக் கஞ்சியும்தான் அவள் சமையல். லாட்டரியில் பத்தாயிரம் பிராங்க் விழுகிறது. அத்தனையையும் ஒரே இரவு விருந்தில் செலவழித்துவிடுகிறாள்.

அவள் தருவித்த ஒயின் பர்கண்டி பிரதேசத்துக் குளோ வூஜோ, 1846. சிஸ்டர்ஸியன் துறவிகள் பன்னிரண்டாம் நூற்றாண்டில் உண்டாக்கத் தொடங்கி மதில் எழுப்பிய தோட்டம் அது. சுமார் 125 ஏக்கர். இன்று எண்பது பேர்போல அதைப் பங்கிட்டுக் கொண்டிருக்கிறார்கள். ஆகையால் பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவன் ஏமாறவும் கூடும். 1987ல் காப்ரியேல் ஆக்ஸெல் எடுத்த படத்தில் இந்த ஒயினைக் காடைக் கறியோடு பரிமாறுகிறார்கள். பினோ நுவார் திராட்சைக்குத் தோல் மெல்லியது, துவர்ப்பு குறைவு. காடையின் மென்மையான மாமிசத்தை அது அமுக்கிவிடாது. டால் கதையின் முரட்டு ஒயினை இங்கே வைத்தால் பாவம், காடை காணாமற் போயிருக்கும்!

விருந்துக்கு வந்த ஊர்க்காரர்கள், சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டவர்கள். அந்தத் தீர்மானத்தை அறியாதவர் ஒரே ஒருவர், பாரிஸில் பழகிய ஜெனரல். அவர் வாய்க்கு வாய் திகைக்கிறார். லேபில் காட்டியவர் இல்லை, பந்தயம் கட்டியவர் இல்லை. மற்றவர்களுக்கோ பெயரே தெரியாது. ஆனாலும் மனம் இளகி, பழைய பகைகளை மன்னித்துக்கொள்கிறார்கள். ஜெனரலின் பிரசங்கம் சற்று நீளம்தான். ஆனால் அதற்குப் பின்னால் வருகிற உண்மை கதையை வேறோர் உயரத்துக்குத் தூக்குகிறது. பபெத் பாரிஸில் சமைத்துப் போட்டது, அவளுடைய கணவனையும் மகனையும் சுட்டுக்கொன்ற பிரபுக்களுக்குத்தான். அவர்களுடைய கொடுமையை அவள் மறக்கவில்லை. ஆனாலும் தன் கலையின் அருமை தெரிந்தவர்கள் அவர்களே என்பதையும் மறைக்கவில்லை. இந்த முரணை டினெசன் தீர்த்துவைக்க முயலவில்லை. அதுதான் அவர் பெருமை.

டாலின் கதை சாமர்த்தியத்தில் குறைந்ததல்ல. இரண்டாம் முறை படித்தால், பிராட் ஊர் ஊராகத் தள்ளுவதெல்லாம் நாடகம் என்று தெரிந்து இன்னும் ருசிக்கிறது. ஆனால் அங்கே ருசி அறிவு பிறரை வெல்வதற்கு. இங்கே பிறர் உழைப்பை வணங்குவதற்கு.

முதற்கதை முடிந்ததும் சிரித்தேன் என்றேன் அல்லவா? மறுநாள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. பல வருஷங்களுக்கு முன், ஒரு நாவலின் முன்னுரையையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்துவிட்டு, ஊர் ஊராகத் தள்ளி வருவதுபோல் ஒரு மதிப்புரை எழுதினேன். எழுத்தாளரே நன்றி சொல்லிக் கடிதம் போட்டார். என் மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு இதுவரை எந்தப் பணிப்பெண்ணும் வரவில்லை. ஆகவேதான் நானே சொல்லிவிடுகிறேன்.