சின்னத்திரையைப் படிக்கும் சொற்கள்: பல்லடத்தில் வைத்து ஒரு பார்வை

தமிழில் சினிமாவை ஆழமாகப் படித்தவர்கள் உண்டு. கா. சிவத்தம்பியும் தியடோர் பாஸ்கரனும் 1981இலேயே தமிழ்ப் படத்தின் அரசியலை நூலாக்கினார்கள். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பிரித்துக் காட்டினார். தொலைக்காட்சிக்கு அப்படி ஒரு வரிசை அமையவில்லை. சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15இல். 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் சீரியல் என்றால் அழுகை, மாமியார் மருமகள் சண்டை என்று முகம் சுளிப்பதோடு நம் விமர்சனம் நின்றுவிடுகிறது. சினிமாவுக்குச் செய்த அளவுகோலைத் தொலைக்காட்சி மேல் வைத்துப் பார்ப்பதால் வரும் கோளாறு இது. தொலைக்காட்சிக்கென்று உருவான கருத்தாக்கங்கள் ஐம்பது ஆண்டுகளாக இருக்கின்றன. அவற்றை அப்படியே ஒப்பிக்காமல், நம் வீடுகளில் வைத்துச் சோதிக்க வேண்டும். பல்லடம் போன்ற விசைத்தறி ஊர் அதற்கு நல்ல இடம்.

முதலில் ‘ஓட்டம்’. பிரிட்டிஷ் அறிஞர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் எழுதிய நூலில் இதை முன்வைத்தார். கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா போனவர், மயாமியில் ஓர் இரவு தொலைக்காட்சி முன் உட்கார்ந்தபோது, ஒரு படமும் அதன் நடுவே வரும் விளம்பரங்களும் அடுத்து வரப்போகும் படங்களின் முன்னோட்டமும் ஒன்றில் ஒன்று கலந்து போவதைக் கண்டார். தனித்தனி நிகழ்ச்சியை விட, நிலையம் திட்டமிட்டுத் தொடுத்துவிடும் அந்த இடைவிடாத வரிசைதான் தொலைக்காட்சியின் உண்மையான வடிவம் என்பது அவர் கருத்து. தூர்தர்ஷன் காலத்துத் தமிழ்நாட்டுக்கு இது பொருந்தாது. அன்று ஒளிபரப்பே சில மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ வரும் நேரத்துக்கு அக்கம்பக்கத்தார் டிவி உள்ள வீட்டில் கூடினார்கள், முடிந்ததும் எழுந்து போனார்கள். ஓட்டம் நமக்கு வந்தது தனியார் அலைவரிசைகளோடு. ‘சித்தி’ 1999இல் தொடங்கியது. ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ எல்லாம் அதன் பின்னால் வந்தவை. ஒரு தொடர் ‘தொடரும்’ போட்டதும் அடுத்ததன் தலைப்புப் பாடல் தொடங்கிவிடும். பார்ப்பவர் எழுந்து போக இடமே வைக்காத இந்த வரிசையைப் படிக்காமல் ஒரு தொடரின் கதையை மட்டும் விமர்சிப்பது அரைகுறை வேலை.

அடுத்தது, எனக்கு மிகவும் பயன்பட்ட சொல்: ‘ஓரப்பார்வை’. ஜான் எல்லிஸ் 1982இல் சொன்னது இது. இருட்டரங்கில் சினிமாவை உற்றுப் பார்க்கிறோம். வீட்டில் வேறு வேலைக்கு நடுவே தொலைக்காட்சியை ஓரக்கண்ணால் பார்க்கிறோம். அதனால் அங்கே படத்தைவிடச் சத்தம்தான் நம்மைப் பிடித்து வைக்கிறது என்றார். டானியா மாட்லெஸ்கி இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தார். பகல் நேரத் தொடர்கள் நடுநடுவே அறுபடுவதும் திரும்பத் திரும்பச் சொல்வதும் குறையல்ல, வீட்டு வேலை செய்யும் பெண்ணின் சிதறிய கவனத்துக்கு ஏற்ற தாளம் அது என்று காட்டினார்.

இதைப் பல்லடம் பக்கத்துக்குக் கொண்டு வந்து பாருங்கள். இங்கே பல வீடுகளை ஒட்டியே தறிக்குடோன் இருக்கிறது. தறி ஓட்டுபவர் ஒரே சமயத்தில் பல தறிகளைக் கவனிக்கிறார். ஒன்றில் தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும், இன்னொன்றில் பாவு இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். கவனத்தைப் பங்கு போடுவது அவருக்குத் தொழிலே. மாட்லெஸ்கி வீட்டு வேலைக்குச் சொன்னது தறி வேலைக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆனால் எல்லிஸ் இங்கே தடுக்கி விழுகிறார். தறிகள் ஓடும்போது பக்கத்து அறையில் வசனம் காதில் ஏறாது. சத்தம் கைவிட்ட இடத்தில் முகம் வேலை செய்கிறது. வில்லி ஒரு வார்த்தை சொன்னதும் அறையில் உள்ள ஒவ்வொருவர் முகத்துக்கும் கேமரா பாய்ந்து போவது, ஒரே அதிர்ச்சியை மூன்று முறை காட்டுவது என்று நாம் கேலி செய்யும் உத்திகள் எல்லாம், வசனம் கேட்காமலே கதையைப் பின்தொடர வழி செய்கின்றன. தமிழ்த் தொடரின் காட்சி மொழியைப் பற்றி எழுத வேண்டியவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

ஸ்டூவர்ட் ஹால் 1973இல் முன்வைத்த ‘குறியேற்றம் – குறியவிழ்ப்பு’ பலருக்கும் தெரிந்தது. செய்தியை அனுப்புபவர் ஒரு பொருளை ஏற்றி அனுப்பினாலும், பெறுபவர் அதை அப்படியே ஏற்கலாம், பேரம் பேசி ஏற்கலாம், எதிர்த்தும் வாசிக்கலாம். இதையும் இங்கே வைத்துச் சோதிக்கலாம். 2022 தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் நின்றன. ஒப்புக்கொண்ட கூலி உயர்வை ஜவுளி உற்பத்தியாளர்கள் தரவில்லை என்று கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறியாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் அது. இத்தனை கோடி இழப்பு என்று ஓடும் செய்தி வரியை உற்பத்தியாளர் வாசிப்பதும், தறி வைத்திருப்பவர் வாசிப்பதும், அவரிடம் வாரக் கூலிக்கு நிற்பவர் வாசிப்பதும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. தறிக்காரர் உற்பத்தியாளருக்குக் கூலிக்காரர், தொழிலாளிக்கு முதலாளி. ஹாலின் மூன்று வாசிப்புகளில் எதிலும் அவரை முழுதாக அடைக்க முடியவில்லை.

‘பார்வையாளர்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். அலைவரிசை நிகழ்ச்சியை நமக்கு விற்கவில்லை, நம்மை விளம்பரதாரருக்கு விற்கிறது என்று டாலஸ் ஸ்மைத் 1977இல் எழுதினார். அந்தச் சரக்கை எடை போடும் தராசு டிஆர்பி. 2015 முதல் இந்தியாவில் அதைப் பார்க் (BARC) நிறுவனம் அளக்கிறது. மாதிரி வீடுகளில் வைத்த கருவி டிவி ஓடியதைச் சொல்லும். பார்த்தவர் சமைத்துக்கொண்டே பார்த்தாரா, திட்டிக்கொண்டே பார்த்தாரா என்று சொல்லாது. எண்ணிக்கையை ரசனை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஆய்வாளர்களிடமும் இருக்கிறது.

நம் மாநிலம் உலக ஆய்வுக்குக் கொடுக்கக்கூடியது ‘இல்லப்படுத்தல்’ பற்றிய பாடம். ஒரு புதிய கருவி வீட்டுக்குள் வந்து, இடம் பிடித்து, வீட்டின் நேரத்தையும் அதிகாரத்தையும் மாற்றுவதை ரோஜர் சில்வர்ஸ்டோன் போன்றோர் இப்படி அழைத்தார்கள். அப்பாவின் கையிலிருக்கும் ரிமோட்டைப் பற்றி டேவிட் மோர்லி 1986இல் லண்டன் குடும்பங்களை வைத்து எழுதினார். அவர்கள் எல்லோரும் காசு கொடுத்து வாங்கும் குடும்பத்தையே மனதில் வைத்தார்கள். தமிழ்நாட்டிலோ 2006 தேர்தல் வாக்குறுதிப்படி, அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் அரசே வீடுவீடாக வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது; ஒன்றரைக் கோடிக்கு மேல். இதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படி வாக்குறுதி தருவது தேர்தல் முறைகேடு ஆகாது என்று 2013இல் தீர்ப்பு வந்தது. பணக்கார வீட்டுத் திண்ணையில் நின்று எட்டிப் பார்த்தவர்கள் தம் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியதை ‘இலவசம்’ என்ற ஒற்றைச் சொல்லால் கடந்து போனது நம் அறிவுலகத்தின் பெரிய தவறு. சாதியும் வர்க்கமும் வகுத்த திண்ணை எல்லை அந்தப் பெட்டியால் எவ்வளவு நகர்ந்தது என்ற ஆய்வை அப்போதே செய்திருக்க வேண்டும்.

கேபிள்காரரும் இந்தச் சொற்களில் எதிலும் இல்லை. மாதச் சந்தா வாங்குவது, உள்ளூர் அலைவரிசையில் கோயில் கும்பாபிஷேகத்தை நேரலை விடுவது, துணிக்கடைத் தள்ளுபடி விளம்பரம் போடுவது என்று ஊருக்குள் ஒரு சிறு நிலையத்தையே நடத்தியவர் அவர். செட்டாப் பாக்ஸ் வந்தபின் அவர் பிடி தளர்ந்தது. இன்று பல்லடத்துத் தறிகளிலும் கோழிப் பண்ணைகளிலும் வேலை செய்யும் வட மாநிலத்து இளைஞர்கள், ஒரே அறையில் பலராகத் தங்கி, ஆளுக்கொரு செல்போனில் தங்கள் மொழி நிகழ்ச்சிகளைப் பார்க்கிறார்கள். அங்கே குடும்பம் இல்லை, ரிமோட் இல்லை. மோர்லியின் கேள்விகளை அந்த அறைக்குக் கொண்டுபோக விரும்பும் மாணவர், முதலில் ‘வீடு’ என்பதை எப்படி வரையறுப்பது என்று முடிவு செய்துகொண்டு போக வேண்டியிருக்கும்.