என்கவுன்டர் எங்கே தொடங்குகிறது? ஐந்து பரம்பரைகளும் நம் மேசையும்

கேம் மாஸ்டர்கள் என்கவுன்டரை நடத்தும் முறைகள் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். இதை எழுத என்னைவிடத் தகுதியுள்ள மூத்தோர் நம் மன்றத்தில் பலர் உண்டு. அவர்கள் தந்த அனுமதியால்தான் எழுதுகிறேன். விதிகளையும் பகடை வகைகளையும் இங்கே விளக்கப்போவதில்லை. இந்த மலரைக் கையில் எடுப்பவர்கள் எல்லாரும் மேசையில் உட்கார்ந்து பழகியவர்கள். பரம்பரைகள் எப்படிக் கிளைத்தன, ஒவ்வொன்றும் எதை அளவுகோலாக வைத்தது, அந்த அளவுகோல் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, நடுவர் பரம்பரை. பிரஷ்யப் படை அதிகாரிகளின் கிரீக்ஸ்ஷ்பீலில் இதன் வேர் இருக்கிறது. 1824இல் ரைஸ்விட்ஸ் வகுத்த விதிகள் கனத்துக்கொண்டே போக, 1876இல் வெர்டி டு வெர்னுவா அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். அமெரிக்கரான சார்லஸ் டாட்டன் 1880இல் எழுதிய ‘ஸ்ட்ரேட்டஜோஸ்’, பல பத்தாண்டுகள் கழித்து மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் டேவிட் வெஸ்லியின் கண்ணில் பட்டது. 1969இல் அவர் நடத்திய பிரவுன்ஸ்டைன் ஆட்டத்தின் கதை நமக்குப் பாடம். போர் தொடங்கும் முன்பே ஆட்டக்காரர்கள் தனித்தனியாக ஒதுங்கி ரகசியம் பேசினார்கள். இருவர் துவந்த யுத்தத்துக்குக் கிளம்பினார்கள். அதற்கு விதி இல்லை. வெஸ்லி அந்த இடத்திலேயே ஒரு முறையை உண்டாக்கித் தீர்ப்புச் சொன்னார். ஆட்டம் கெட்டுவிட்டது என்று அவர் வருந்த, வந்தவர்களோ இன்னொன்று எப்போது என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்தான் டேவ் ஆர்னசன். 1971இல் அவருடைய பிளாக்மூர் பிறந்தது. ஆட்டக்காரர் எதை முயல்கிறாரோ அதுவே என்கவுன்டர், அதை மறுக்காமல் தீர்த்துவைப்பதே நடுவரின் தர்மம் என்பது இந்தப் பரம்பரையின் அளவுகோல்.

இரண்டாவது, அட்டவணைப் பரம்பரை. விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸ் இதை வளர்த்தார். 1974இல் ஆயிரம் பிரதிகளாக வெளிவந்த மூன்று சிறு புத்தகங்களில் அலையும் பிராணிகள், எதிர்பாராத சந்திப்பு, எதிர்ப்பட்டவரின் மனநிலை ஆகிய மூன்றும் பகடையின் கையில் ஒப்படைக்கப்பட்டன. கேம் மாஸ்டரின் சோம்பலுக்காக அல்ல, அவருடைய ஓரவஞ்சனையைத் தடுப்பதற்காகத்தான் என்று எங்கள் மேசையில் சொல்வார்கள். 1977இல் மார்க் மில்லரின் டிராவலர் இதையே விண்வெளிக்குக் கொண்டுபோனது. அங்கே வாரந்தோறும் உருட்டும் பகடையில் வேலை கொடுக்கும் புரவலர் ஒருவரே என்கவுன்டராக வந்து நிற்பார். வாளை உருவாமலே ஓர் என்கவுன்டர் முழுமை பெறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது, காட்சிப் பரம்பரை. 1983இல் ட்ரேசி, லாரா ஹிக்மன் தம்பதியரின் ரேவன்லாஃப்ட், அடுத்த ஆண்டு தொடங்கிய டிராகன்லான்ஸ் ஆகியவை என்கவுன்டரைக் கதையின் ஒரு படியாக்கின. வில்லன் எங்கோ ஓர் அறையில் காத்துக் கிடக்காமல் தானே வந்து பேசினான், மறைந்தான், திரும்பவும் வந்தான். 1981இல் சாண்டி பீட்டர்சன் தந்த ‘கால் ஆஃப் கதுல்ஹு’, ஓடிப்போவதே அறிவு என்ற என்கவுன்டரை நமக்குக் கற்றுத் தந்தது. நம் மன்றத்தில் இந்த வழியில் நிற்கும் இரண்டு மேசைகளை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

நான்காவது, எண்ணிக்கைப் பரம்பரை. அந்த மூன்று சிறு புத்தகங்களில் தொடங்கிய ஆட்டத்துக்கு 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, நால்வர் கொண்ட குழுவின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்னும் சண்டை எது என்று கணக்கிட்டுக் காட்டியது. 2014இன் ஐந்தாம் பதிப்பு ஒரு குழு ஒரு நாளில் ஏறத்தாழ ஆறு முதல் எட்டு என்கவுன்டரைச் சமாளிக்கும் என்று மதிப்பிட்டது. புதிதாக ஸ்க்ரீனுக்குப் பின்னால் உட்காருபவருக்கு இந்தக் கணக்கு பெரிய துணை. அதை நான் மறுக்கவில்லை.

ஐந்தாவது, மூவ் பரம்பரை. 2010இல் வின்சென்ட் பேக்கரும் மெகே பேக்கரும் தந்த ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ கேம் மாஸ்டரின் கையிலிருந்து பகடையை வாங்கிக்கொண்டது. ஆட்டக்காரரின் பகடை தவறும்போது கேம் மாஸ்டர் ஒரு மூவ் எடுக்கிறார். 2017இல் ஜான் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் த டார்க்’ வட்டக் கடிகாரங்களை வரைந்து, வரப்போகும் ஆபத்தை எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தது. அந்த ஒளிவுமறைவின்மை எல்லா மேசைக்கும் பொருந்தும்.

இனி எங்கள் மேசை. எங்கள் ஆசானை எல்லாருக்கும் தெரியும். பெயரை அச்சில் போடக்கூடாது என்பது அவர் கட்டளை, மீற மாட்டேன். டாம் மோல்ட்வே தொகுத்த 1981ஆம் ஆண்டுப் பேசிக் பெட்டிதான் அவருடைய வேதம். எந்தக் குகையைத் தயாரித்தாலும் அவர் நோட்டில் ஒவ்வோர் அறைக்கும் மூன்று வரிதான் இருக்கும். நாம் வருமுன் இவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இவர்களுக்கு என்ன வேண்டும்? எதைக் கண்டால் இவர்களுக்குப் பயம்? இம்மூன்றும் தெரிந்தால் மேசையில் யார் என்ன செய்தாலும் பதில் தானாக வரும் என்பார். இட்டுக்கட்டிச் சொல்வது வேறு, தெரிந்ததிலிருந்து வளர்த்துச் சொல்வது வேறு என்று அவர் பிரித்துக் காட்டியதைத்தான் நாங்கள் இம்ப்ரொவைசேஷன் என்று கற்றோம்.

அந்தப் பெட்டியோடு வந்த ‘கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்’ மூலமாகத்தான் அவர் பாடம் எடுப்பார். கோப்ளின்களின் குகைக்குப் பக்கத்தில் ஓர் ஓகர் குடியிருக்கிறது. ஆபத்து வந்தால் கோப்ளின்கள் 250 பொன் காசுப் பையை வீசி அதைத் துணைக்கு அழைக்கும். ஆனால் அதைவிடக் கூடுதலாகக் கண்ணெதிரே காட்டினால் ஓகர் பக்கம் மாறவும் கூடும். கைகாக்ஸ் இதைச் சில வரிகளில் எழுதிவிட்டுப் போனார். அந்த வரிகளுக்குள் பேரம், துரோகம், ஓட்டம், நட்பு எல்லாம் இருக்கின்றன என்று ஆசான் மாலை முழுக்க நடத்திக் காட்டுவார். கோப்ளினின் மொரால் எண் 7. முதல் ஆள் விழுந்ததும் ஓர் உருட்டல், பாதிப் பேர் விழுந்ததும் இன்னோர் உருட்டல். இரண்டு ஆறுமுகப் பகடையில் 7ஐத் தாண்டினால் அவை ஓடும் அல்லது சரணடையும். சரணடைந்த கோப்ளின்தான் அடுத்த வாரத்தின் வழிகாட்டி.

எல்லாவற்றுக்கும் மேலாக ரியாக்ஷன் உருட்டல். அதை அவர் ஸ்க்ரீனுக்கு வெளியே, எல்லார் முன்னிலையிலும் உருட்டுவார். இரண்டு பகடையும் 36 விதமாக விழலாம். அவற்றில் ஒன்றே ஒன்றில்தான் எதிர்ப்பட்டது உடனே தாக்கும். ஒன்பதில் பகைமை காட்டும், தாக்கலாம், தாக்காமலும் இருக்கலாம். 16இல் முடிவெடுக்காமல் நிற்கும். ஒன்பதில் தாக்காது, விலகலாம் அல்லது பேச்சுக்கு இணங்கலாம். ஒன்றில் மனமுவந்த நட்பு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு என்கவுன்டர் என்றால் என்ன என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. சண்டை அதன் முடிவுகளில் ஒன்று, அவ்வளவுதான். புதையலுக்கே பெரும் அனுபவப் புள்ளி, அலையும் பிராணியிடம் பெரும்பாலும் புதையல் இருக்காது என்ற விதிகளையும் சேர்த்துப் பாருங்கள். சண்டையைத் தவிர்ப்பவரே கெட்டிக்காரர் என்று அந்தப் பழைய பக்கங்கள் எவ்வளவு தெளிவாகச் சொல்கின்றன!

இப்போது மனத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. நம் மன்றத்தின் இன்றைய மேசைகளில் உழைப்பும் ஆர்வமும் மிக்கவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுடைய வரைபடங்களும் சிற்றுருவங்களும் எங்கள் காலத்தில் கனவிலும் இல்லாதவை. ஆயினும், கதவு திறந்ததும் முதல் வார்த்தையே ‘இனிஷியேட்டிவ் உருட்டுங்கள்’ என்று வருகிறது. உள்ளே இருப்பது பசித்ததா, பயந்ததா, தூங்குகிறதா என்று யாரும் கேட்பதில்லை. வாசலுக்கு வந்தவரை யார் என்று கேளாமலே கம்பெடுத்து அடிப்பது போன்றது இது. எதிரிகள் கடைசி ஆள் வரை நின்று சாகிறார்கள். எந்த வழியில் போனாலும் அதே ஓகர் முன்னால் வந்து நிற்கிறது. இடதுபுறம் போகலாமா வலதுபுறம் போகலாமா என்று கால் மணி நேரம் வாதாடிய குழுவுக்கு அந்த வாதத்தின் பலன் கிடைப்பதில்லை. ஸ்க்ரீனுக்குப் பின்னால் உருளும் பகடையின் எண் சில சமயம் வசதிப்படி மாறிவிடுகிறது என்றும் கேள்விப்படுகிறேன். ஆட்டம் விறுவிறுப்பாக இருக்கவே இப்படிச் செய்கிறோம் என்கிறார்கள். நல்லெண்ணம்தான், சந்தேகமில்லை.

ஆனால் இதனால் போவது ஓர் உருட்டல் மட்டும்தானா? எதிரே இருப்பதற்கும் ஒரு மனம் உண்டு என்ற நினைப்பே போகிறது. கேம் மாஸ்டருக்கு வியப்பு போகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று மேசையில் அவருக்கும் தெரியாமல் இருந்த அந்த நொடி போகிறது. ஆட்டக்காரர்கள் பேசப் பழகுவதில்லை. பேரம் பேச, விலகிப்போக, தோல்வியை ஒப்புக்கொள்ளப் பழகுவதில்லை. இப்படி வளர்ந்தவர் நாளை ஸ்க்ரீனுக்குப் பின்னால் உட்கார்ந்தால் அவரிடம் கற்பவருக்குச் சண்டையைத் தவிர வேறென்ன கிடைக்கும்? வெர்டி டு வெர்னுவா நடுவரிடம் ஒப்படைத்த நம்பிக்கை, வெஸ்லி அந்த அறையில் காட்டிய துணிவு, லேக் ஜெனீவாவில் பகடைக்குக் கொடுத்த மரியாதை எல்லாம் இந்த ஒரு சிறிய ரியாக்ஷன் அட்டவணையில்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. இதை இழந்தால் நாம் இழப்பது இந்தக் கலையையே என்று நான் உறுதியாக நம்புகிறேன். இது முதியவரின் புலம்பல் என்று இளையவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாப் பரம்பரையினரும் கைக்கொள்ளக் கூடியது இந்த உருட்டல். காட்சி மேசையில் வில்லனின் மனநிலைக்கு உருட்டலாம். எண்ணிக்கை மேசையில் கணக்கைப் போட்ட பிறகும் உருட்டலாம். இதனால் யாருடைய மேசைக்கும் குறைவு வராது.

ஆண்டு விழா ஆட்டங்களுக்கு மேசை பொறுப்பேற்கும் அன்பர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். மோல்ட்வேயின் ரியாக்ஷன் அட்டவணையை ஓர் அட்டையில் எழுதி மேசை நடுவில் வையுங்கள். இனிஷியேட்டிவுக்கு முன் இரண்டு பகடையை எல்லாரும் பார்க்க உருட்டுங்கள். வந்த எண்ணை மாற்றாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.