கடைசித் தொகுதி செய்யும் சேதம்

தாத்தாவின் சாவுக்குப் போகிறான் முப்பது வயது டாய்கிச்சி. அந்த வீட்டுத் தோட்டத்தில் ஆறு வயதுச் சிறுமி ரின் நிற்கிறாள். தள்ளாத வயதில் தாத்தாவுக்குப் பிறந்த பிள்ளை என்கிறார்கள். உறவினர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கைகழுவ, கல்யாணமாகாத டாய்கிச்சி அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறான். யுமி உனிதா 'ஃபீல் யங்' இதழில் 2005 முதல் 2011 வரை எழுதி வரைந்த 'உசாகி டிராப்' மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) இப்படித் தொடங்குகிறது.

முதல் நான்கு தொகுதிகளில் பெரிய சம்பவம் எதுவும் இல்லை. குழந்தைகள் காப்பகம் தேடி அலைவது, நனைந்த படுக்கை, ஆடும் பல், பள்ளிக்கூடப் பை வாங்குவது. ஓவர்டைம் இல்லாத பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்குகிறான் டாய்கிச்சி. ரின்னின் தோழன் கோகியைத் தனியாக வளர்க்கும் நிதானிக்கும் அவனுக்கும் நடுவே சொல்லப்படாத ஒரு பிரியம் வளர்கிறது. ஐந்தாம் தொகுதியில் கதை பத்தாண்டு தாவுகிறது. நிதானி வேறொருவரை மணக்கிறாள். ரின்னின் மனம் டாய்கிச்சியிடமே போகிறது. அவள் தாத்தாவின் சொந்த ரத்தம் இல்லை என்ற செய்தி வந்து தடையை நீக்க, ஒன்பதாம் தொகுதி இருவரையும் சேர்த்துவைக்கிறது.

வளர்த்தவனே துணைவனாகிறான் என்ற கூச்சம் ஒருபுறம் இருக்கட்டும். பெரிய இழப்பு முதல் நான்கு தொகுதிகளுக்கு நேர்கிறது. கைபிடித்துக் காப்பகத்துக்கு ஓடிய காலைகளை இனி பழைய கண்ணோடு படிக்க முடியாது. 2011இல் வந்த 11 பகுதி அனிமே என்ற அசைவூட்டத் தொடரும், அதே ஆண்டின் திரைப்படமும் ரின்னின் குழந்தைப் பருவத்தோடு நின்றுவிட்டன. அவற்றைப் பார்த்து மங்காவுக்கு வந்தவர்களுக்கு அடி இன்னும் பலமாக விழுந்தது.

பிடித்த ஜோடி சேராத வருத்தம் வேறு வகை. நெகி ஹருபாவின் 'கோதோபுன் நோ ஹனாயோமே' (2017–2020) ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து சகோதரிகளில் ஒருத்தி நாயகனின் மணமகள் என்று முதல் அத்தியாயத்திலேயே அறிவித்துவிடுகிறது. அவள் யொட்சுபா என்று தெரிந்ததும் மற்ற நால்வரின் ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனாலும் 14 தொகுதிகளைத் திரும்பப் புரட்டினால் அதற்கான தடயங்கள் கிடைக்கின்றன. தோற்றது ரசிகரின் கட்சி. கதை தன் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறது.

கெய் சாசுகாவின் 'டொமெஸ்டிக் நா கனோஜோ' பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஹினா, ரூயி என்ற அக்கா தங்கை இருவருக்கும் நடுவே நாட்சுவோ அலைக்கழிவதை 2014 முதல் 2020 வரை 28 தொகுதிகளுக்கு இழுத்துவந்த தொடர் இது. கடைசியில் நாட்சுவோ ரூயியை மணக்க நிச்சயிக்கிறான், அவள் கர்ப்பமாகிறாள். அந்நேரம் அவனைக் காப்பாற்றப் போன ஹினா கோமாவில் விழுகிறாள். ஆண்டுகள் கழித்து அவள் கண்விழிக்க, ரூயி விலகி நிற்க, நாட்சுவோ ஹினாவை மணக்கிறான். இத்தனை தொகுதிகளாக அந்த மூவரும் அழுது, சண்டையிட்டு, சமாதானமாகி எடுத்த முடிவை ஒரு விபத்து புரட்டிப்போட்டது. ரூயி கற்றுக்கொண்டதெல்லாம் என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

இத்தகைய முடிவுகளுக்கு ஆசிரியரை மட்டும் நோவது நியாயமல்ல. வார இதழ்த் தொடர் என்பது எத்தனை அத்தியாயம் ஓடும் என்று தெரியாமலே கிளம்பும் வண்டி. 'ஷோனென் ஜம்ப்' இதழோடு வரும் அஞ்சலட்டையில் வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த மூன்று தொடர்களைக் குறித்து அனுப்புவது நெடுங்கால வழக்கம். ஆதரவு சரிந்தால் தொடர் அவசரமாக முடியும், பெருகினால் நீளும். காதல் கதையில் தயக்கம்தான் எரிபொருள் என்பதால், நீட்டிக்க நீட்டிக்கப் புதுத் தடைகளும் புதுப் பெண்களும் வந்து சேர்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு ரசிகர் படை சேர்ந்தபின் யாரைத் தேர்ந்தாலும் பலருக்கு மனக்கசப்புதான்.

இந்தச் சிக்கலுக்கு 2020இல் தாய்ஷி சுட்சுய் ஒரு வழி கண்டார். 'போகுதாச்சி வா பென்க்யோ கா தெகினாய்' தொடரில் உருகா என்ற பெண்ணோடு நாயகனைச் சேர்த்துக் கதையை முடித்தவர், முன்பு வந்த ஒரு வாணவேடிக்கைக் காட்சிக்குத் திரும்பிப்போய் மற்ற நான்கு பெண்களுக்கும் தனித்தனி முடிவு எழுதினார். யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்ற அக்கறை புரிகிறது. ஆனால் ஐந்து காதலும் சம உண்மை என்றாகும்போது நாயகன் எதையும் தேர்ந்தவனாக மிஞ்சுவதில்லை.

ருமிகோ தகாஹாஷி 1980 முதல் 1987 வரை வரைந்த 'மேசோன் இக்கோகு' எதிர்த் திசையில் போனது. இளம் விதவை கியோகோவுக்கும் அவள் பார்த்துக்கொள்ளும் விடுதியில் குடியிருக்கும் கோதாய்க்கும் நடுவே முதலிலிருந்தே நிற்பது, இறந்துபோன கணவர் சோய்ச்சிரோவின் நினைவு. அவர் பெயரையே அவளுடைய நாயும் சுமக்கிறது. தகாஹாஷி இந்தச் சுமையைக் குறுக்குவழியில் இறக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் சோய்ச்சிரோவின் கல்லறைக்குப் போகும் கோதாய், அவள் மனத்தில் இருக்கும் உங்களையும் சேர்த்தே அவளை ஏற்கிறேன் என்ற பொருள்படப் பேசுகிறான். முதல் தொகுதியில் பரீட்சையில் தேறாமல் திண்டாடிய பையனால் இப்படிப் பேசியிருக்க முடியாது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளின் அத்தனை இழுபறியும் அவனை அந்த வார்த்தைக்குத் தகுதியாக்கியிருக்கிறது. அதனால்தான் முடிவு தெரிந்த பிறகும் அந்த 15 தொகுதிகளை வாசகர்கள் மறுபடி எடுக்கிறார்கள்.