வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்னும் சாட்சி

2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் ஆண்டாளைப் பற்றிக் கவிஞர் வைரமுத்து ஆற்றிய உரை பெரிய சர்ச்சையானது. ஆண்டாளைத் தேவதாசி என்று குறிப்பிடும் ஆய்வுக் கட்டுரை ஒன்றை, அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக வெளியீடு என்று சொல்லி அவர் எடுத்துக்காட்டினார். அந்தச் சண்டை கான்சாபுரத்தில் எங்கள் தெருவரைக்கும் வந்தது. ஒரு தரப்புக்கு ‘வெளிநாட்டுப் பல்கலைக்கழகம்’ என்பது சான்றிதழ். மறு தரப்புக்கு அதுவே சதி. உண்மையில் அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் எம்.ஜி.எஸ். நாராயணன், கேசவன் வெளுத்தாட்டு என்ற கேரள வரலாற்றாசிரியர்கள். அது இடம்பெற்ற நூல் 1978இல் சிம்லாவின் இந்திய உயராய்வு நிறுவனத்திலிருந்து வந்தது.

ஆண்டாள் எந்தக் குலத்தில் பிறந்தாள் என்பதே எங்கும் பேச்சாக இருந்தது. அவள் என்ன எழுதினாள் என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்களின் பெயரும் இங்கே அடிபடவில்லை.

மும்பையிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த வித்யா தெஹேஜியா 1990இல் ஆண்டாளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகப் பேராசிரியர் அர்ச்சனா வெங்கடேசனின் மொழிபெயர்ப்பு 2010இல் வந்தது. இருவருமே திருப்பாவையின் 30 பாசுரங்களோடு நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களையும் சேர்த்தே தந்தார்கள்.

இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். நம் வழக்கத்தைப் பாருங்கள். மார்கழியில் திருப்பாவை ஒலிபெருக்கியில் கேட்கிறது. கல்யாண வீட்டில் ‘வாரணமாயிரம்’ பாடுகிறோம். மற்றவற்றை மெல்லக் கடந்துவிடுகிறோம். கண்ணகி தன் முலையைத் திருகி எறிந்ததை மேடைதோறும் முழங்குகிற நாம், தன் கொங்கையைப் பறித்து அவன் மார்பில் எறிந்து தீயை ஆற்றிக்கொள்வேன் என்று ஆண்டாள் சொல்லும் இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். கண்ணகியின் கோபம் கற்பின் கணக்கில் வரவாகிவிடுகிறது. ஆண்டாளின் ஆசையை எந்தக் கணக்கில் எழுதுவது?

அயலகத்தில் பாடம் நடத்தும் பெண்ணுக்கு இந்த நழுவல் வாய்க்காது. எதிரில் இருக்கும் மாணவருக்குக் காமன் யார், வெண்சங்கிடம் அவள் ஏன் பொறாமைப்படுகிறாள், மேகத்தை ஏன் தூது அனுப்புகிறாள் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். தெரிந்தது போல் தலையாட்டும் வகுப்பு அவளுக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு சொல்லையும் நின்று பார்க்கிறாள். அந்நியமாக இருப்பதன் சிரமமே அங்கே ஆய்வுமுறை ஆகிறது.

அதற்கு ஒரு விலையும் உண்டு. அவர்கள் திறந்த கதவு ஆங்கிலத்தில் திறக்கிறது. பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து தமிழ் இலக்கியம் படிக்கும் என் மாணவிக்கு அந்த நூலின் விலையும் எட்டாது, மொழியும் எட்டாது. அவளுடைய ஊர்க்காரியைப் பற்றி அவளுக்குத் தெரியாத மொழியில் நல்ல விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள். ஆனாலும் நாச்சியார் திருமொழியை ஒரு பாட்டையும் தாண்டாமல் முழுதாக வாசித்தது, அந்த மொழிபெயர்ப்புகளைப் பார்த்த பிறகுதான். மூலம் என் அலமாரியிலேயே இருந்தது. வாசிப்பதற்கான அனுமதிதான் கடல் கடந்து வர வேண்டியிருந்தது.

இனி அந்த அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதையும் பூசை அறையில் வைப்பதையும் விட்டுவிட்டு, அங்கே நம் பெண்கள் செய்த ஒரு காரியத்தை இங்கே செய்வோம். அடுத்த வகுப்பில் 143 பாசுரங்களையும் ஒன்றுவிடாமல் உரக்க வாசிப்போம். கூச்சம் வரும் இடத்தில் நிறுத்துவோம். அது யாருடைய கூச்சம் என்று கேட்போம்.